இருளம்மாள் மாற்றிச் சொன்ன கதை

எங்கள் மதினி இருளம்மாளின் வாயில் விழுந்த எந்தச் சீரியலும் உருப்பட்டதில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஓர் அறைக்கு நான்கு பேர் என்று உட்கார்ந்து சரவெடி பின்னுகிறோம். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் முந்தின நாள் சீரியலை ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பின்னுவது எங்கள் வழக்கம். சொல்கிறவள் எப்போதும் மதினிதான். கதையோடு தீர்ப்பும் சேர்ந்தே வரும். பட்டுச்சேலையோடு படுக்கிற மாமியார், ஒரு சட்டிகூடக் கழுவாத மருமகள், எல்லாம் முடிந்த பிறகு வருகிற போலீஸ் என்று ஒருவரையும் விடமாட்டாள். குடும்பச் சண்டையைக் கூட்டிவைத்து விசாரிக்கிற நிகழ்ச்சி என்றால் அடுத்த வீட்டு அழுகையை விற்றுச் சோறு தின்கிறான்கள் என்பாள். சினிமாவில் ஒரு பெண்ணைச் சீரழிக்கிற காட்சி வந்தால் டிவியை அணைத்துவிடுவாள். நடந்ததைச் சொன்னால் நமக்குப் புரியாதா, கிட்டப் போய்க் காட்டத்தான் வேண்டுமா என்று கேட்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் பாண்டிலட்சுமி, அவளுக்கு நாத்தனார் முறை. பக்கத்து வீடு.

மதினியின் புருசன் போய்ச் சேர்ந்து வருசக்கணக்கு ஆகிறது. இருப்பது ஒரே மகள் செல்வலட்சுமி, எங்களுக்கு செல்வி. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு மருந்து கலக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். போன வருசம் அங்கே வெடித்தது. கூட இருந்தவர்கள் போய்விட்டார்கள், இவள் பிழைத்தாள். ஒரு பக்கக் கன்னம், காது, கழுத்து, இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டிவிக்காரன் மதினியின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டான். உன் ஆத்தாளிடம் போய்க் கேள் என்றாள். அதை அவர்கள் காட்டவில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த செல்வி வாசல்படியைத் தாண்டவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் முகம் தெரிகிறதென்று போனைக்கூடத் தொடமாட்டாள். சாயங்காலம் ஏழு மணி சீரியல் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அந்த அரைமணி நேரம் மட்டும் தாயும் மகளும் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பாழாய்ப்போன சீரியலில்தான் தாரணி என்று ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தீயில் முகம் வெந்த பெண். அன்றைக்கு செல்வி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். வாரம் முழுக்க தாரணி அழுதாள், சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். கடைசியில், அடுத்த வாரக் காட்சி என்று போட்டார்கள். தாரணி மொட்டை மாடி ஓரத்தில் நிற்கிறாள், இந்த முகத்தோடு நான் வாழத்தான் வேண்டுமா என்கிறாள்.

மறுநாள் மதினி கதை சொல்லவில்லை. கை வெடியைப் பின்னாமல் சும்மா கிடந்தது.

"ஏ பாண்டி, அவளச் சாகடிச்சிருவாகளோ? எம்மக கண்ணு இமைக்காமப் பாத்துக்கிட்டிருக்கா. ஒனக்கும் இதுதான் வழின்னு அவளுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க."

கதைதானே மதினி என்று எங்கள் அறையில் இருந்த முத்துப்பேச்சி சொல்லிவிட்டாள். மதினி பார்த்த பார்வைக்கு அவள் தன் சரத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும், டிவியில் புகாருக்கென்று ஓடுகிற நம்பரை என்னைப் போடச் சொன்னாள். அதை அவள் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். வெகுநேரம் போனில் பாட்டு ஓடியது, பிறகு ஒரு பெண் பேசினாள். எந்தக் காட்சி உங்கள் மனதைப் புண்படுத்தியது என்று மரியாதையாகக் கேட்டாள்.

"புண்ணெல்லாம் படல தாயி. அந்தப் பொண்ண உசுரோட விட்ருங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றாள் மதினி.

புகாரைப் பதிந்துகொண்டதாகச் சொல்லி நன்றியோடு வைத்துவிட்டாள் அந்தப் பெண். விட்டுவிடுவார்களா என்று மதினி என்னைக் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? எழுதுகிறவன் எந்த ஊரில் இருக்கிறானோ! வெந்துபோனவள் என்றால் ஒன்று பேயாக்குவான், இல்லை பிணமாக்குவான். எழுந்து பல் விளக்கி, சோறு பொங்கித் தின்று, இன்னொரு நாளைக் கழிக்கிறாளே, அதை எழுத அவனுக்குத் துப்பில்லை.

அதற்குப் பிறகு, தன் வீட்டு இணைப்பைக் கழற்றச் சொல்லி மதினி கேபிள்காரர் கருப்பணனிடம் போய் அழுதாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏணியை எடுத்துவந்து இணைப்பைக் கழற்றிவிட்டார். வயர் அறுந்துவிட்டது, சரியாக நாளாகும் என்று மகளிடம் சொன்னாள் மதினி. செல்வி விடவில்லை. பாண்டி அத்தை பார்க்கும், கேட்டுவந்து சொல் என்று நச்சரித்திருக்கிறாள்.

ஆக, சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. தாரணி குதித்துவிட்டாள். அதற்கு ஒரு வாரம் ஒப்பாரி, படத்துக்கு மாலை, பின்னணியில் பாட்டு. நான் சொல்லச் சொல்ல மதினி தலையைக் குனிந்து பின்னிக்கொண்டே இருந்தாள். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று அந்த வாரக் கடைசியில் கேட்டேன்.

தன் கதையில் மாடியிலிருந்து தாரணியை இறக்கிவிட்டாளாம். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி, தங்கமான டாக்டர், முகம் முழுக்கக் கட்டு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, நேற்றுக் கட்டை அவிழ்த்தாளாம். பழைய முகம் அப்படியே வந்துவிட்டதாம். கட்டை அவிழ்த்ததும் புது முகம் வருகிற சீரியலைப் பார்த்தால் காறித் துப்புகிறவள் இவள்!

"நீங்களா மதினி இப்படி?" என்றேன்.

"உசுரு போற எடத்துல நாயம் என்ன வேண்டிக்கெடக்கு? நேத்து ரெண்டு தோசை கூடத் தின்னா பாண்டி. சிரிச்சா," என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நானும் சரி, பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் செல்வி. நல்ல சுடிதார் போட்டு, துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள். நல்ல வெயில், தெருவில் ஆட்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. கையில் துணி திணித்த பை.

"அத்தே, தாரணிக்கு ஆப்பரேசன் பண்ணுன ஆஸ்பத்திரி பேரு என்னன்னு காட்டுனாகளா? அம்மா கவனிக்கலையாம். இன்னைக்கே பொறப்புடலாம்னு இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் மதினி தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்துகொண்டிருந்தாள். சொல்லாதே என்றுதான் கையைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வந்து மகளின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல தாயி. அந்தப் புள்ள மாடியிலருந்து விழுந்து அன்னைக்கே செத்துப்போச்சு. நாந்தான் மாத்திச் சொன்னேன். நீயும் அப்படிப் போயிருவியோன்னு பயந்துக்கிட்டுச் சொன்னேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

தாரணி ஏன் செத்தாள், எப்படிச் செத்தாள் என்று அவள் கேட்கவே இல்லை.

"அப்ப ஆஸ்பத்திரி?" என்றாள்.