உண்டியலில் போன மாத்திரை

அம்மா படுத்த படுக்கையான வருஷம், அதை எங்கள் ஊரில் யாரும் நோய் என்று சொல்லவில்லை. திமிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள்.

புத்தூருக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. களையெடுக்கும்போது மற்றவர்களை முந்திக்கொண்டு வரப்பை எட்டிவிடுகிற அம்மா, தம்பி பிறந்து இறந்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தலை சீவுவதில்லை. வைத்த சோறு ஆறிப்போகும். நைனா முதலில் திட்டினார். பிறகு தாயத்து கட்டினார். கோழியை அவள் தலையைச் சுற்றி அறுத்தார். அந்தக் குழம்பை நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம். அம்மா படுத்தே கிடந்தாள்.

கடைசியில் மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் எல்லோரையும் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா அழுதாள். இதுவும் ஜுரம் போல ஒரு வியாதிதான், மருந்தில் தணியும் என்ற டாக்டரம்மா, நைனாவைப் பார்த்து, “நேனு செப்பேதாகா ஆபொத்தண்டி” என்றார். நான் சொல்கிறவரை நிறுத்தாதீர்கள் என்று அர்த்தம். நைனா வேகமாகத் தலையாட்டினார். சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்பதற்காக ஆட்டுகிற தலையாட்டல் அது.

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. “இத்த துன்னுட்டு இன்னும் நல்லாத்தான் தூங்கினுகீறா” என்று நைனா சலித்துக்கொண்டார். ஆனால் மாங்காய் பறிக்கிற காலம் வந்தபோது, ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பியவனை அம்மா கூப்பிட்டாள். “இன்னாடா, சட்டைய திருப்பிப் போட்டுக்கினு போற?” அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டபோது சிரிக்கக்கூடச் செய்தாள்.

அந்தச் சிரிப்பு மாத்திரை தந்தது என்று நைனாவுக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இவள் எழுந்தால் நிலுவு தோப்பிடி கொடுப்பதாக வேண்டியிருந்தார். உடம்பில் இருப்பதையெல்லாம், எதையும் மிச்சம் வைக்காமல், நின்ற இடத்திலேயே உண்டியலில் போட்டுவிடுகிற வேண்டுதல் அது.

திருமலையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. அம்மா கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிப் போட்டாள். தாலியையும் போட்டாள். அதற்கு மாற்றாக மஞ்சள் கயிறு நைனா மடியில் தயாராக இருந்தது. முந்தானையில் மட்டும் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது.

“அது இன்னா?”

“மாத்திரைங்க. டாக்டரம்மா நிறுத்தக்கூடாதுன்னாங்களே.”

“மேல இருக்கிற அத்தனையுந்தான் வேண்டிக்கினது. ஒண்ண எடுத்து வெச்சிக்கினா சாமி குத்தமாயிடும்.”

அம்மா முடிச்சைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பின்னாலிருந்து மாமா சொன்னார்: “போடுக்கா. நாளெல்லாம் இந்தக் கூட்டத்தப் பாத்துப் பாத்து சாமிக்கும் தலைவலி வந்திருக்கும்.”

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவிழ்த்துப் போட்டாள். நாங்களும் சிரித்தோம்.

மலையிறங்கி, ஆஸ்பத்திரியிலேயே மறுபடி வாங்கியிருக்கலாம். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாயில் வைப்பதா என்றார் நைனா. தாலிக்கு மாற்று யோசித்தவர்கள் யாரும் மாத்திரைக்கு யோசிக்கவில்லை.

கொஞ்ச காலம் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் கெடுதலாகப் போயிற்று. மாத்திரை இல்லாமலே எழுந்துவிட்டாள் என்று நைனா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. சீப்பு பரண் மேல் போனது. மறுபடியும் சுவர்ப் பக்கம். மாமா ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தபோது நைனா சண்டை பிடித்து அனுப்பிவிட்டு அம்மாவிடம் வந்தார். “எதையோ மறைச்சி வெச்சிக்கினு கீற. அதான் இப்படி. இன்னா வெச்சிருக்க, சொல்லு.”

“ஒண்ணுமில்ல” என்றாள் அம்மா. “எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

அடுத்த மழைக்காலத்தில், சோறு தண்ணீர் இறங்காமல், அவள் போய்விட்டாள்.

இன்று அவள் வயதைத் தாண்டிவிட்ட எனக்கும் அதே நோய். மாதாமாதம் திருப்பதிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறேன். பெரிய சந்தோஷம் ஒன்றும் வந்துவிடவில்லை. காலையில் எழுந்திருக்க முடிகிறது, முகம் கழுவ முடிகிறது. அவ்வளவுதான். அந்த அவ்வளவும் அவள் கையில் இருந்தது.

அவள் இரண்டாம் முறை படுத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் காது வெறுமையாக இருந்தது மட்டும்தான். நகை போன ஏக்கத்தில் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கங்கம்மா ஜாத்திரைக் கடையில் ஒரு ஜோடி கல் வைத்த கம்மல் வாங்கிவந்து நானே மாட்டிவிட்டேன். அவள் தடுக்கவில்லை.

“நல்லாக்கீதாடா?” என்றாள்.

நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து வாங்கியிருந்தால் எழுந்திருப்பாளோ என்று யோசித்தபடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.