கறுப்பு வண்டியின் பானெட்டில் ஒரு வியாழக்கிழமைச் சாப்பாடு

"கிரீன் கார்டு ப்ராசஸ் போயிட்டிருக்கிறப்ப அங்கெல்லாம் எதுக்கும்மா போற? சேஃபா இரு" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் முடிவு செய்தேன், போயே தீர்வது என்று. போன மாதம், இரண்டாவது வியாழக்கிழமை.

என்னோடு ஆறு வருடமாக ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவள் பியூலா, பாளையங்கோட்டைக்காரி. வேலையை விடவில்லை, வீட்டை மட்டும் விட்டாள். ஓக்லாந்தில் ஃப்ரூட்வேல் பக்கம், மெக்சிகோ, குவாத்தமாலா குடும்பங்கள் இருக்கும் பழைய அபார்ட்மென்ட் ஒன்றில் அவள் சபையைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் வேண்டுமென்றே வாடகைக்குப் போயிருக்கின்றன. காலையில் சேர்ந்து ஜெபம். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க். வியாழன்தோறும் முற்றத்தில் மேசை போட்டு எல்லோருக்கும் சாப்பாடு. "மதம் மாத்துறாங்களா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நானும் அந்தச் சந்தேகத்தோடுதான் போனேன். அங்கே ஏற்கெனவே வீட்டுக்கு வீடு மாதா படம் தொங்குகிறது. என்னிடம் யாரும் எதையும் விற்கவில்லை.

ஆறு வாரமாக அந்த மேசை வெளியே வரவில்லை. மாடியில் குடியிருக்கும் மரிசோலின் கணவரை, வேலைக்குக் கிளம்பியபோது குடியேற்றத் துறை ஆட்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் எல்லோரும் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வியாழன் இறங்கி வருவதாக மரிசோல் சொல்லியிருந்தாள். அவள் வந்தால்தான் மற்றவர்களும் வருவார்கள்.

மில்பிடாசில் 3:40-க்குக் கிளம்பினேன். 880 ஃப்ரீவேயில் 33 மைல், ஒன்றரை மணி நேரம். என் கார் சர்வீசில் இருந்ததால் ஒர்க்ஷாப்பில் மாற்று வண்டி கொடுத்திருந்தார்கள். பெரிய கறுப்பு எஸ்யுவி, கண்ணாடியெல்லாம் கறுப்பு. பின்சீட்டில் ஒரு பெரிய அலுமினிய டிரே நிறையப் புளியோதரை. வண்டியை நேராக முற்றத்துக்குள் விட்டேன், சாமான் இறக்க வசதி என்று. எனக்கு அறிவே இல்லை.

பந்து மட்டும் உருண்டுகொண்டிருந்தது. அதை உதைத்த பிள்ளைகளைக் காணவில்லை. மேலேயும் கீழேயும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. முற்றத்து அடுப்பில் கோழி கருகிக்கொண்டிருந்தது.

பியூலா ஓடி வந்தாள். "ஏளா, இந்த வண்டியிலயா வந்த? இதே மாதிரி வண்டியிலதான் அவர ஏத்திட்டுப் போனானுவ!"

"ஐயோ, சாரிடி. இப்பவே வெளிய எடுத்துடறேன்."

"இப்ப எடுத்தா நோட்டம் பாத்துட்டுப் போறாங்கன்னுல்லா நெனப்பாங்க. இறங்கு. முகம் தெரியுற மாதிரி நில்லு."

நின்றேன். அவமானத்தில் காது சுட்டது. பியூலாவோ ஒன்றும் நடக்காத மாதிரி மேசை போட்டு, நாற்காலி போட்டு, என் புளியோதரையைத் திறந்து வைத்தாள். கதவைத் தட்டிக் கூப்பிடலாமே என்றேன். "பயந்து கெடக்கவங்களக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனா மேசைய உள்ள எடுக்க மாட்டேன்" என்றாள். கண்ணை மூடிச் சின்னதாக ஜெபித்தாள். இருபது காலி நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

5:35-க்கு மாடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு கையில் பீன்ஸ் பாத்திரம், அக்குளில் சுருட்டிய பிளாஸ்டிக் மேசை விரிப்பு. மரிசோல்தான். நேராக என்னிடம் வந்து கை நீட்டினாள், சாவிக்கு. கொடுத்தேன். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துபோட்டாள். உள்ளே என் யோகா பாயும் ஒரு கட்டு கறிவேப்பிலையும் இருந்தன. கறிவேப்பிலையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு பூப்போட்ட அந்த விரிப்பை பானெட்டின் மேல் விரித்து, பாத்திரத்தை ணங்கென்று வைத்து, மாடியைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்றா?"

பியூலாவின் கண் கலங்கியிருந்தது. "இந்த மாதிரி வண்டிதான் எம் புருஷனக் கொண்டுபோச்சு. இன்னைக்கு இது எனக்குச் சாப்பாட்டு மேசை, எறங்கி வாங்கன்னு சொல்லுதா."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஏழு மணிக்கு உட்கார நாற்காலி இல்லை. கருகிய கோழியையும் யாரும் விட்டுவைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காரே வேண்டாம். மில்பிடாசிலிருந்து பார்ட் ரயிலில் ஏறினால் ஃப்ரூட்வேல் வரை மாற வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போட்டோ எடுக்காதீர்கள். பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். நாமும் விசாவில் வந்து ஒவ்வொரு கடிதத்தையும் நடுங்கிக்கொண்டே பிரிப்பவர்கள்தான். அந்த மேசை நமக்கு அந்நியம் இல்லை.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, பானெட்டில் சல்சா சட்னிக் கறையும் பாத்திரம் கீறிய வட்டமும் இருந்தன. கீறலுக்கு நூற்றிருபது டாலர். என்ன நடந்தது என்று கேட்டார் ஒர்க்ஷாப்காரர்.

"சாப்பிட்டோம்" என்றேன்.