மஞ்சளைத் தள்ளி நிற்கச் சொன்னேன்

சென்னையில் என் படங்களை விற்றுக்கொடுப்பவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், நீங்க அனுப்புற மலையில எல்லாம் நடுவுல ஒரு மஞ்சள் புள்ளி இருக்கே, அது என்ன?"

என் கையெழுத்து மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொய். அது ஒரு பெண். அவளை வரைய வேண்டும் என்று நான் உட்காருவதில்லை. ஆனால் அவளை வைக்காமல் தூரிகையைக் கழுவ முடிவதில்லை.

இருபது வருடமாக நிலக்காட்சிதான் வரைகிறேன். அதில் ஆளுக்கு இடமே கிடையாது. ஆள் வந்தால் கண் ஆளின் பின்னால் போய்விடும், மலையை யார் பார்ப்பார்கள் என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அதனால்தான் திருச்சியை விட்டு இலங்கையில் பதுளைக்கு வந்தோம். ஹாலிஎலையைத் தாண்டி ஒரு தோட்டத்தில், அவர் மூலம் தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி வாங்கி, ஒரு சரிவை வரைய உட்கார்ந்தேன். காலையில் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து கலையும். கலைந்ததும் சரிவு முழுக்க ஒரே பச்சை. எனக்கு வேண்டியது அந்தப் பச்சை மட்டும்தான்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மங்கிய உடுப்பில், செடியோடு செடியாகக் கரைந்து போவார்கள். ஒருத்தி மட்டும் பளீரென்ற மஞ்சள் பொலித்தீனைத் தலையோடு போர்த்தியிருந்தாள். சரியாகச் சரிவின் நடுவில் அவளுக்குப் பறிக்கக் கொடுத்த செடி வரிசை, அவளுடைய நிரை. எங்கே பார்த்தாலும் கண் அங்கேயே போய் நின்றது. நான் ஊர் ஊராகச் சொல்லிவந்ததை அவள் ஒருத்தியே நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் தேநீர் நேரத்தில் அவளே இறங்கி வந்து என் படத்தை எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மலை நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா வேலைக்கு ஒருத்தரையும் காணோமே. ஞாயித்துக்கெழமையா?"

கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்து வந்த கங்காணியைக் கூப்பிட்டேன். யார் எந்த நிரையில் பறிப்பது என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். "அந்த மஞ்சள் போட்டவங்கள மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்களேன். ரெண்டு மூணு நாளைக்குத்தான்."

"நெர பிரிச்சுக் குடுத்தாச்சுங்களே மிஸ்" என்று தலையைச் சொறிந்தார். துரைக்கு வேண்டியவர்கள் நாங்கள். அதை மனதில் வைத்து, "சரிங்க, பாக்குறேன்" என்று மேலே ஏறினார். அவளிடம் ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனாள். அங்கே ஒரு பெரிய பாறை உண்டு. என் படம் அந்தப் பாறைக்கு முன்பே முடிந்துவிடும்.

பாறை ஓரம் போய் நின்று அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். நான் கை அசைக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கை காட்டினாள். அன்றும் நான் பார்க்காத மாதிரி பச்சையைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் பாறை இடுக்கில் இருந்த குளவிக் கூடு கலைந்தது. மேலே கூச்சல் கேட்டது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நான் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாலைந்து பேருக்குக் கொட்டு. பாறைக்கு மிகப் பக்கத்தில் இருந்தவளைத்தான் குளவி மொத்தமாக மொய்த்துவிட்டது. லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாயும் முன்பே செய்தி வந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. எனக்குத் தைரியமில்லை. இரண்டு நாள் கழித்து, விட்டுவந்த படத்தையும் சாமானையும் எடுக்கப் போனபோது தோட்டத்துச் சந்தியில் அவளுக்கு அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அடையாள அட்டையில் இருக்கும் விறைத்த முகம். கழுத்துக்குக் கீழே சிவப்புப் பட்டும் கனத்த நகையும். முகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"குளவி உன்னக் கேட்டுக்கிட்டா வந்துச்சு?" என்றார் கணவர். நியாயம்தான். ஆனாலும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மஞ்சள் சாயக் குழாயை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பேய் பிசாசு நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனால் படத்தைத் திருப்பும்போதெல்லாம், நான் ஒருநாளும் மஞ்சள் தொடாத அந்தப் பச்சைக்கு நடுவில் அவள் நின்றாள். கிட்டே போனால் வெறும் பச்சை. இரண்டடி பின்னால் வந்தால் மறுபடியும் நின்றாள். மழை நாளில் பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதைக் கடைக்காரர்கள் மஞ்சள் பொலித்தீனை விரித்துச் சாமான்களை மூடுவார்கள். அதைப் பார்த்தாலே நான் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

கருமாதிக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மகள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "பேனர்ல இருக்கிறது எங்க அம்மாவே இல்ல மிஸ். ஸ்டூடியோல யாரோ ஒருத்தங்க ஒடம்புல அம்மா தலைய ஒட்டிட்டாங்க. நான் பதுளையில சாரிக் கடையிலதான் வேல செய்றேன். அந்த மாதிரி ஒரு பட்டு அம்மா தொட்டுக்கூடப் பாத்ததில்ல. அதான், நீங்க வரைஞ்ச படத்த ஒருக்கா பாக்கலாம்னு வந்தேன். கருமாதிக்கு அத வச்சுக் கும்புடணும்."

"படத்துல..." என்று இழுத்தேன்.

"அம்மா எல்லாம் சொல்லிச்சு மிஸ். 'மிஸ் ஒன்னையப் பாறைகிட்ட நிக்கச் சொல்றாங்க, அங்க நின்னாத்தான் படத்துல எடுப்பா இருக்குமாம்'னு கங்காணி சொன்னாராம். மறுநாளு பூ வச்சுக்கிட்டு மலைக்குப் போச்சு. ஒங்களுக்குக் கையக்கூடக் காட்டுச்சாமே?"

கங்காணி நல்ல மனிதர். அவள் மனம் நோகக் கூடாது என்று அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை நானும் பிடித்துக்கொண்டிருக்கலாம். நாளைக் காலையில் வா என்று அனுப்பிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பாறையையும் அவளையும் தீட்டியிருக்கலாம். அந்த எண்ணம் வரத்தான் செய்தது, மறைப்பானேன்?

அதற்குள் அவள் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த படத்தைத் தானே திருப்பிவிட்டாள். தேடினாள். படத்தின் வலது ஓரம்வரை விரலைக் கொண்டுபோனாள்.

"பாறை எங்க மிஸ்?"

"பாறை படத்துல இல்லம்மா."

"அப்ப அம்மா?"

நான் சொன்னேன். "உங்க அம்மா போட்டிருந்த மஞ்சள் என் படத்துக்கு இடைஞ்சலா இருந்துச்சு. பாறைகிட்ட நிக்க வைக்கணும்னு நான் சொல்லல. படத்துக்கு வெளிய போகட்டும்னுதான் சொன்னேன்."

அவள் படத்தின் மேலிருந்து விரலை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "இது அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மூச்சை விட்டாள். "மொதல்ல அம்மா எங்க நின்னுச்சு?"

நான் சரிவின் நடுவைக் காட்டினேன்.

"அங்க போடுங்க. இப்பவே போடுங்க."

மஞ்சள் குழாயின் மூடி இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல வைத்தேன். கூடை இன்னும் கீழே. தோள் அவ்வளவு அகலமில்லை. பூவுக்கு ஒரு வெள்ளை. கட்டைவிரல் அளவுதான் உருவம். இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். இத்தனை நாளும் நான் பார்த்த அதே இடத்தில்தான் நின்றாள்.

மகள் ஈரம் படாமல் படத்தை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள். நான் வாசல்வரை போனேன்.

"நாளைக்கு நானும் வரலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ்," என்றாள். "படம் மட்டும் வரட்டும்."