மொட்டை மாடியில் கவுன்சலிங்

மனச்சோர்வு ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாரம் ஒரு முறை ஆன்லைனில் கவுன்சலிங் எடுங்கள் என்றார் டாக்டர். வீட்டிலிருந்தே பேசலாமாம். எங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை.

இரண்டு அறை, ஐந்து பேர். அதனால் இன்று போனை எடுத்துக்கொண்டு எங்கள் அண்ணனூர் ஃப்ளாட்டின் மொட்டை மாடிக்கு ஏறினேன்.

"இப்ப தனியா இருக்கீங்களா?" என்று கேட்டார் கவுன்சலர்.

ஆமாம் என்றேன். மூன்று வாரமாக வாயில் வராததை இன்றுதான் சொன்னேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் தினமும் அழுகிறேன் என்று.

பின்னால் ஓர் இருமல். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எங்கள் வாட்ச்மேன் ஏழுமலை எழுந்து வந்தார்.

"வால்வு பாக்க வந்தேன் மேடம். நீங்க பேசிகினு இருந்தீங்களா, நடுவுல வரக் கூடாதுன்னு கம்முனு குந்திகினேன்."

முழுவதையும் கேட்டிருக்கிறார்! வந்த கோபத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

"ஒருத்தி அழறதுக்குக்கூட இந்த பில்டிங்ல இடமில்லையாண்ணே?" என்று கத்தினேன்.

அவர் நகரவில்லை.

"கோச்சுக்காதீங்க மேடம். அந்தம்மா நம்மள மாரி ஆளுங்ககிட்டயும் பேசுமா? பொண்டாட்டி பூட்டதுலேர்ந்து எனக்கும் அப்டித்தான் கீது."

நம்பரை எழுதிக் கொடுத்தேன். எனக்கு மிச்சமிருந்த இருபது நிமிடம் போனது போனதுதான்.

அம்பத்தூர், ஆவடி நண்பர்களே, வாரத்தில் முக்கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காத இடம் தெரிந்தால் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு வேண்டும்.