ஜெபராஜின் மடிக்கு அளவெடுத்த பெட்டி

சின்னப் பெட்டிக்குள் பெரிய கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் தொழிலில், பாகங்களை உள்ளே அடக்குவது சுலபம். அதைக் கேட்டு வருகிறவர்களை அடக்குவதுதான் பெரும்பாடு. வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கு மேலே இருக்கிறது என் கடை. மிக்ஸி விற்பவர்கள், ஜாக்கெட் தைப்பவர்கள், மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுபவர்கள் என்று கவுண்டருக்கு உள்பக்கம் நின்று சிரித்த முகத்தோடு சீரழியும் என் இனத்தவர்களே, இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம். எப்படியும் எங்களைச் சீரழிப்பவர்கள் நீங்கள்தானே.

அண்ணன் எங்கே?

கடைக்குள் நுழையும் பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னைத் தாண்டித்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிற பொம்பளைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மெக்கானிக் ஒளிந்திருப்பான் என்று நம்பிக்கை. ஜெபராஜும் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். தேயிலை பேக்டரியில் ஃபிட்டர் வேலை. "அண்ணன் இல்லீங்களாக்கா?" என்றார். "அண்ணன் குமுளியில மளிகைக்கடை வெச்சிருக்காரு, அரிசி வேணும்னா போங்க" என்றேன். மனிதர் கோபப்படாமல் சிரித்துவிட்டார். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

விஷயம் இதுதான். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் அவர் ஓர் அணியில் இருக்கிறார். அடுத்த மாதம் கொச்சியில் போட்டி. அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவில் அணைந்து அணைந்து அணியைத் தோற்கடித்திருக்கிறது. இன்னொரு தரம் அணைந்தால் உன் இடம் வேறு ஆளுக்கு என்று குமுளிக்காரரான கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டாராம். ஜெபராஜ் சட்டைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். அவர் மனைவி ரோஸ்லின் தையல் வேலை செய்கிறவர்; டேப் அவருடையது. என் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் மடியைத் தானே அளந்து காட்டினார்.

"இதுக்கு மேல அரை விரக்கடை போகக் கூடாதுக்கா. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரரு முட்டி இடிக்குதுன்னா நம்மளத்தான வைவாரு?"

குளிருக்கு எதற்கு ஃபேன்?

சின்னப் பெட்டி என்பது காலையில் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் எஸ்டேட் ஜீப் மாதிரி. ஒருவர் காலை நகர்த்தினால் இன்னொருவர் தொங்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு நீளமாக இருந்தால் பவர் சப்ளைக்கு இடமில்லை. கூலர் உயரமாக இருந்தால் மூடி மூடாது. ஜெபராஜ் கண் வைத்ததோ கடையிலேயே நீளமான கார்டின் மீது. அதைப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினேன். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் அறுத்துரலாமாக்கா?" என்று ஃபிட்டர் புத்தியோடு கேட்டார். அவர் பையில் ரம்பம் இருக்குமோ என்று பயந்து கார்டைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

கடைசியில் குட்டையான கார்டு, உள்ளங்கை அகல மதர்போர்டு, தட்டையான கூலர் என்று சமாதானத்துக்கு வந்தோம். அடுத்த சண்டை ஃபேனுக்கு. மூன்று வேண்டும் என்றேன். ஒன்றுகூட வேண்டாம் என்றார். சூடு பெட்டிக்கு உள்ளே பிறப்பது, வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அதை வெளியேற்ற ஆள் வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் பஸ் ஸ்டாண்டே காணாமல் போயிருந்தது. அவர் அதைக் கையால் காட்டினார்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு விளையாடுறவன்கிட்ட மூணு ஃபேனை விக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

ரோஸ்லின் வந்து பார்த்தது

மூன்று ஃபேனோடுதான் பெட்டி தயாரானது; ரோஸ்லின் பார்க்க வந்தார். கழுத்தில் டேப், ஜாக்கெட்டில் குத்திய ஊசி, எதற்கும் மசியாத முகம். பெட்டியை ஒரு கையால் தூக்கி, தேங்காய் வாங்குவதுபோலக் காதருகே ஆட்டிப் பார்த்தார். திருப்பி வைத்து, "காத்து எந்தப் பக்கமா உள்ள போகுது, எந்தப் பக்கமா வெளிய வருது?" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆண்பிள்ளைகூட என்னிடம் கேட்காத கேள்வி. ஆனந்தத்தில் எனக்கு டீ சொல்லத் தோன்றியது. சொல்லியும் விட்டேன்.

டீயைக் குடித்து முடித்து, டம்ளரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபராஜ் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போல நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வெலைக்கு எங்கம்மா எனக்கு பீரோ வாங்கிக் குடுத்தாங்க. அதுல சேலை வைக்கலாம், துணிமணி வைக்கலாம். ஏன், இந்தப் பெட்டியவே வைக்கலாம்."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கடையில் சமர்த்து, வீட்டில் சண்டி

ஒரு வாரத்தில் ஜெபராஜ் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அணைகிறதாம். கடையில் போட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியது. கொடுத்தனுப்பினேன். மறுநாள் மறுபடியும் அதே துண்டு. பவர் சப்ளையை மாற்றினேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், கூலருக்கு அடியில் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். கடையில் குழந்தை மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போனால் சண்டித்தனம் செய்யும். "எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பத்திரமான எடத்துலதான்" என்றார். கவுண்டர்க்காரர்களே, வாடிக்கையாளர் 'பத்திரமான இடம்' என்றால் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பிவிடுங்கள்.

நான் கிளம்பவில்லை. அணைந்த நேரத்தையெல்லாம் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும் என்பதால் அதைத் திறந்து பார்த்தேன். ராத்திரியில் அணைந்ததைவிட மத்தியானத்தில் அணைந்ததுதான் அதிகம். மத்தியானத்தில் ஜெபராஜ் பேக்டரியில் இருப்பவர். திரையை அவர் பக்கம் திருப்பினேன். குனிந்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"நான் இல்லாதப்ப அது தன்னால விளையாடுதாக்கா? கேப்டன் வேற, மத்தியானம் பிரமாதமா ஆடுறேன்னு சொல்லுதாரு. நானும் சரின்னுட்டேன்."

பத்திரமான இடம்

மறுநாள் மத்தியானம் நானே அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை, மேஜையில் மானிட்டர். அதிலிருந்து கிளம்பிய வயர்கள் பீரோ கதவின் இடுக்கு வழியாக உள்ளே போயின. பீரோவைத் திறந்தேன். உள்ளே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கல்யாணப் பட்டு, சர்டிபிகேட் ஃபைல், ஞானஸ்நானக் கவுன், பூச்சி உருண்டை எல்லாவற்றுக்கும் நடுவில், பல்பை ஒட்டி, என் அருமைப் பெட்டி வெந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். தோசை வார்க்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் மலையில் மழை பிடித்தால் செருப்பில் பூசணம் பூக்கும், பெல்ட் பூக்கும், விட்டால் மனுஷனும் பூப்பான். அதனால் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் ஒரு பல்பு எரியும். விலை உயர்ந்தது எதுவானாலும் அதன் இடம் பல்புக்குப் பக்கத்தில்தான். என் வீட்டிலும் பல்பு பீரோ உண்டு. அதனால் வாயைத் திறந்து திட்டவும் வழியில்லை.

திரும்பினால், அடுப்படியிலிருந்து வந்த ரோஸ்லின் மானிட்டருக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் டேப்போடு ஹெட்செட்டும் தொங்குகிறது. அதற்குள்ளிருந்து கேப்டனின் குரல் கேட்டது: "ஜெபராஜு, ஆட்டத்த ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?" ரோஸ்லின் மைக்கில் ஒரே ஒரு தரம் இருமினார். பேசினால் பெண் குரல் தெரிந்துவிடுமாம். ஒரு இருமல் என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். தைத்துப் பழகிய விரல்கள் கீபோர்டில் ஓடியதைப் பார்த்து நின்றேன். எதிர் அணிக்காரர்கள் பாவம். ஆட்டம் முடிந்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அவருகிட்ட சொல்லிராதீங்கக்கா. நான் நல்லா ஆடுறேன்னு தெரிஞ்சா மனுசன் சோறு திங்க மாட்டாரு."

யாருக்கு இடம்

பெட்டியைப் பீரோவிலிருந்து எடுத்து, வெளியே ஒரு ஸ்டூலில் வைத்தோம். பிறகு அது அணையவே இல்லை. ஆனால் மெஷின் சரியானதும் மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள். இத்தனை நாளும் ஜெபராஜ் தோற்றால் பெட்டி மேல் பழி போட முடிந்தது. இப்போது முடியவில்லை. மத்தியானம் புலியாக ஆடுகிறவன் சாயங்காலம் ஏன் இப்படித் தடவுகிறான் என்று கேப்டனுக்குச் சந்தேகம். ஒரு நாள் மத்தியானம் நேராக லயத்துக்கே வந்து, ரோஸ்லின் ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டார். போட்டிக்கு மத்தியானத்து ஆள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஜெபராஜ் என் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். முதல் நாள் மடியை அளந்து காட்டிய அதே ஸ்டூல். எனக்கு அழுகை வந்தது. பெட்டியை அந்த பல்புக்குப் பக்கத்திலேயே வேக விட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

போட்டி முடிந்த மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இருவரும் இறங்கினார்கள். ரோஸ்லின் கையில் இரண்டாம் பரிசுக் கேடயம். ஜெபராஜ் கையில் பெட்டி, அதே துண்டில். நான் ஓடிப்போய் வழக்கம்போலப் பெட்டியைத்தான் முதலில் விசாரித்தேன். ஒரு தரம்கூட அணையவில்லையாம். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ரோஸ்லினைப் பார்த்தார். பிறகு துண்டை இழுத்துவிட்டுப் பெட்டியைச் சரியாக மூடினார்.

"அங்கன ஒருத்தரு, டீம்ல நீங்க யாருன்னு கேட்டாருக்கா. இது என் மடிக்கு அளவெடுத்த பெட்டி, நான் இல்லாம எங்கயும் போகாதுன்னுட்டேன்."

சின்னப் பெட்டிக்குள் எந்தப் பாகத்துக்கு எங்கே இடம் என்பதை நான் முடிவு செய்கிறேன், அது வீட்டுக்குப் போனபிறகு யாருக்கு எங்கே இடம் என்பதை அந்தப் பெட்டி முடிவு செய்துகொள்கிறது.