சாலைக்கு முதுகு

ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இருந்த காலம் முழுக்க அப்பாவுக்கு ஒரே ஒரு பெருமைதான். நோயாளி ஏறிய பிறகு மருத்துவமனை வாசல்வரை அவர் வண்டியை நிறுத்தியதில்லை. நெரிசலில் ஊர்ந்திருக்கிறார், நடைபாதையில் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றியிருக்கிறார், ஒரு கல்யாண ஊர்வலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போயிருக்கிறார். நின்றதில்லை. வீட்டில் யாராவது ஒரு வேலையைப் பாதியில் விட்டால் போதும், "வண்டி நடுவழியில நிக்கக் கூடாது" என்பார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினாலும் அதே வசனம்தான்.

வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பேருந்தில்கூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். "அங்க பிரேக் இல்லைங்க, தரை ஓட்டையாயிடப் போகுது" என்பாள் அம்மா.

பிறகு கண் பழுதானது. எதிரே வரும் விளக்குகள் கூசத் தொடங்கின. பரிசோதித்த மருத்துவர் பக்கத்திலிருந்து படிக்கலாம், எழுதலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். அலுவலகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். கிடங்கில் உட்கார்ந்து ஆக்சிஜன் சிலிண்டர்களை மேய்க்கலாம். அல்லது படித்து, அதே ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் நோயாளிக்கு அவசரச் சிகிச்சை பார்க்கும் பாராமெடிக்காக ஏறலாம். நாற்பத்தைந்து வயதில் அப்பா படிக்கப் போனார்.

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. சாயங்காலங்களில் நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்பார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு, அதை நம்பவே முடியவில்லை. "உண்மையைச் சொல்லுங்க மச்சான், கேள்வித்தாள் முன்னாடியே கையில கிடைச்சிடுச்சா?"

மாமாவும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான். ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பா. செய்முறைப் பயிற்சிக்கு அப்பாவைப் போட்டது மாமா ஓட்டும் வண்டியில். பயிற்சியை மேற்பார்வை பார்த்த பாராமெடிக், அப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வேலைக்குப் புதிதாக வந்தபோது அப்பா ஓட்டிய வண்டியில்தான் போய்வந்தார். அன்றிலிருந்து அப்பாவை அண்ணா என்றே கூப்பிடுவார். முதல் நாளே அப்பா அவரை மேடம் என்றார்.

"என்னண்ணா இது, மேடமெல்லாம்?"

"வண்டிக்குள்ள மேடம்தான். இறங்கினா பார்த்துக்கலாம்."

"பின்னாடி தங்கச்சி, முன்னாடி மச்சான்" என்றார் மாமா. "நோயாளி ஒருத்தர்தான் வெளி ஆளு."

மேற்பார்வையாளருக்கு ஒரு முறை இருந்தது. நோயாளியின் தலைமாட்டு இருக்கையில் உட்கார்ந்து, கூரையை ஒட்டிய கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். "என் கை இந்தக் கம்பியை விட்டு இறங்கிச்சுன்னா, நீங்களா பார்த்த கேஸ் கணக்குல அது வராதுண்ணா. நோயாளிக்கு ஆபத்துன்னா கண்டிப்பா இறங்கும். அதுக்கு என்மேல வருத்தப்படக் கூடாது."

ஒரு நாள் இறங்கியது. சர்க்கரை குறைந்து மயங்கிய ஒரு பெரியவர். அப்பா ஊசி ஏற்றி, குளுக்கோஸ் போட்டு, எல்லாம் சரியாகத்தான் செய்தார். பாதி வழியில் வண்டி லேசாக இடதுபக்கம் சாய்ந்ததை அவர் உடம்பு உணர்ந்தது. ஓட்டுநர் பக்கம் திறந்திருந்த சிறு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "பாலத்து மேல ஏறாத, கீழ போ. மேல இந்நேரம் நகராது." மாமா, "சரி மச்சான்" என்றார். அதற்குள் மல்லாந்து கிடந்த பெரியவர் வாந்தி எடுத்துவிட்டார். அப்பா திரும்பும்போது மேற்பார்வையாளரின் கைகள் கம்பியில் இல்லை. பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனை வாசலில் மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, கண்ணு எங்க இருந்துச்சு?"

"ரோட்டுல."

"ரோட்டைப் பார்க்கத்தான் ஒரு ஆள் சம்பளம் வாங்குறாரே."

அப்பாவின் பயிற்சிக் காலத்தை நீட்டித்தார்கள். நீட்டிப்பு ஒரு முறைதான். அதற்குள் மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால், கிடங்கு. அன்று இரவு மாமாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். பாதியில் தாங்காமல் சொன்னார். "நான் ஓட்டுறது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே மச்சான். நான் தப்பாப் போனா அதுவும் உங்க தப்புதான். அப்புறம் எதுக்குத் தனியா எட்டிப் பார்க்கிறீங்க?"

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து வீடு திரும்பும் பேருந்தில், பின்னோக்கிப் போட்டிருக்கும் இருக்கையில்தான் உட்கார்ந்தார். சாலைக்கு முதுகு. முதல் வாரம் தலைசுற்றலோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். "இந்த வயசுல ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டுவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

நீட்டித்த காலம் முடியப்போகும் நேரத்தில் ஒரு நண்பகல் அழைப்பு. பெரிய சலவைக் கூடம் ஒன்றில் துணி தேய்க்கும் பெண்ணுக்கு மூச்சுத்திணறல். நீராவிக்கும் சலவைத்தூள் நெடிக்கும் நடுவில், துணி மூட்டையில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். இழுப்புச் சத்தம் வாசலிலேயே கேட்டது. கேட்டதற்கு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். அப்பா ஆக்சிஜனோடு சேர்த்து மருந்துப்புகை போகும் முகமூடியை மாட்டினார். படுக்கவைக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே வண்டியில் ஏற்றினார். மேற்பார்வையாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

குழாய் பதிக்கப் பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாமா மொத்த வியாபாரக் கடைகள் இருக்கும் தெருவுக்குள் திருப்பினார். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் லாரிகள் சரக்கு இறக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். வண்டி திரும்பிய திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது.

மீதியை மாமா சொல்லித்தான் கேட்டோம். "கண்ணாடியில பார்த்தேன். வாய் திறந்துச்சு. சரி, வசவு வருதுன்னு தோளைக் குறுக்கிக்கிட்டேன். வாயை மூடிக்கிட்டு அந்தம்மா பக்கம் திரும்பிட்டாரு."

திரும்பிய பிறகுதான் அப்பாவுக்கு அது உறைத்தது. இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்ததாம். சத்தம் போட்ட இன்ஜின் அடங்கினால் சரியாகிவிட்டது என்றுதானே அத்தனை வருடமும் நினைத்தவர். ஆனால் அவள் தலை தொங்கியது, கண் சொருகியது, விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். காதில் சைரனும் இன்ஜினும்தான் கேட்டன.

"சைரனை நிறுத்து" என்றார். "வண்டியை ஓரமா நிறுத்து. இன்ஜினையும்."

"மச்சான்?"

"நிறுத்துடா."

மாமா நிறுத்தினார். தெருவில் யாரோ பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த குரல் உள்ளே கேட்டதாம். அப்பா வலப்பக்கம் வைத்துக் கேட்டார், இடப்பக்கம் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். எங்கும் காற்று போகும் சத்தம் இல்லை.

"மேடம், சத்தம் அடங்கினது நல்லதுக்கு இல்ல. உள்ள காத்தே போகல. தொடையில அட்ரினலின் போடணும். நான் ஊசியை எடுக்கிறேன், நீங்க பையை அழுத்துங்க. மெதுவா, மூச்சு வெளிய வர நேரம் விட்டு."

"மருந்து எவ்வளவு?"

அப்பா அளவைச் சொன்னார். மேற்பார்வையாளர் தலையசைத்து, கம்பியை விட்டார். காற்றுப் பையை எடுத்து அவள் முகத்தில் பொருத்தினார்.

ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அவள் நெஞ்சிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. பிறகு மெல்லிய கீச்சொலி. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழைய இழுப்பு. "ஒருத்தருக்கு இழுக்குறதைக் கேட்டு இன்னொருத்தர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்ல" என்றார் மாமா. அவள் கண்ணைத் திறந்து, முகமூடியைப் பிடித்த கையைத் தள்ளிவிடப் பார்த்தாளாம். அது நல்ல அறிகுறி.

"இப்போ போ" என்றார் அப்பா.

முன்னால் லாரி. மாமா கியர்மேல் கையை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார். "எந்தப் பக்கம் மச்சான்?"

"என்னைக் கேட்டா? நீதானே ஓட்டுற."

மாமா பின்பக்கமாகவே தெருமுனை வரைக்கும் எடுத்து, வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மருத்துவமனையில் அவளை ஒப்படைத்துவிட்டு இருவரும் ஸ்ட்ரெச்சரைத் துடைத்தார்கள். அப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "உங்க கை இறங்கிடுச்சு மேடம்."

"நீங்க கேட்டீங்க, இறங்கிச்சு. அன்னைக்கு நீங்க கேட்கலயே."

"அப்போ?"

"அப்போ என்ன, கணக்குல வரும். எழுதிக் கொடுத்திடுறேன்." துடைத்த துணியைத் தொட்டியில் போட்டார். "ஆனா அண்ணா, இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அந்தத் தெருவுக்குள்ள திரும்பும்போதே அவங்க பேச்சு நின்னுபோச்சு."

"நான் கவனிக்கல."

"தெரியும்."

மாமா அதற்குள் எங்களுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், வழி கேட்டதைத் தவிர. அதைப் பிறகுதான் ஒப்புக்கொண்டார். அப்பா வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் வரவில்லை. அம்மா இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில் தெருக்கோடியிலிருந்து, பேருந்து வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, நடந்து வந்தார்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"பஸ்ல தூங்கிட்டேன். கடைசி ஸ்டாப்புல கண்டக்டர்தான் எழுப்பினாரு."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல பஸ்ல கண்ணை மூடி உங்களைப் பார்த்ததில்ல. வழியில நெரிசலா?"

அப்பா காலணியைக் கழற்றியபடி கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலையே" என்றார்.