நான் வாங்கிய தடையுத்தரவு

கவுன்சிலராகப் பதவியேற்ற முதல் வாரமே ஒரு தடையுத்தரவு என் வழியை மறித்தது. வாங்கிய வக்கீல் யார் என்று பார்த்தால், நான்தான்.

எங்கள் வார்டில் ஒரு தெரு முழுக்க மீன்காரப் பெண்கள் உட்கார்ந்து விற்பார்கள். சில வருஷங்களுக்கு முன் நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் அதிகாரிகள் அவர்களைக் கிளப்பப் பார்த்தார்கள். நான் கோர்ட்டில் ஸ்டே வாங்கிக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு ஒரு முழுச் சீலா மீன் வந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

இப்போது அதே இடத்தில் வடிகால் வர வேண்டும். ஐப்பசி மழைக்குத் தெரு முழுகிவிடும். வார்டு இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "டெண்டர் ரெடி மேடம். ஆனா உங்க ஸ்டே இருக்கே! தொட்டா கோர்ட் கன்டெம்ப்ட் ஆயிரும்."

மளிகைக்கடை அண்ணாச்சி அதற்கும் மேல். "கடைக்குள்ள முட்டளவு தண்ணி நிக்கி வக்கீலம்மா. அந்த ஸ்டேயை மழைகிட்ட காட்டிப் பாருங்க."

தேர்தலில் ஜெயித்ததுமே வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் வாதாடிய பழைய கட்சிக்காரர்களுக்கு எதிராகவே கோர்ட் ஏறுவதும் முறையில்லை. நேரே மீன்காரப் பெண்களிடம் போனேன். அவர்களுக்கு ரோஸ்லின் அக்காதான் தலைவி.

"யாரு வந்து சொன்னாலும் எந்திரிக்காதியன்னு நீங்கதான சொன்னிய? இப்ப நீங்களே வந்து எந்திரிக்கச் சொல்லுதிய!"

கோர்ட்டாக இருந்தால் வாய்தா கேட்டிருப்பேன். இங்கே என்ன செய்ய? வாதாடுவதை விட்டுவிட்டு, "எந்திரிச்சா எதுக்குக்கா பயம்?" என்று கேட்டேன்.

"சாக்கடை வந்தா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா போனா, திரும்ப இங்கன உக்கார விடமாட்டாவ."

விஷயம் இவ்வளவுதான். இத்தனை வருஷமாக இதை நான் கேட்டதேயில்லை. கேஸுக்கு அது தேவைப்படவில்லை.

பாதித் தெருவை முதலில் தோண்டுவது, அதுவரை எல்லோரும் மறுபாதியில் நெருக்கி உட்காருவது, வேலை முடிந்ததும் வடிகாலை மூடும் சிலாப் மேலேயே பழைய இடம் என்று பேசினோம். "நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அக்கா விடவில்லை.

"வாய்ப்பேச்சை நம்பாதியன்னும் நீங்கதான சொன்னிய? எழுத்துல குடுங்க."

என் கட்சிக்காரரை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்! மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். பாதி பாதியாகத் தோண்டச் சொன்னால் காண்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் இன்ஜினியர். "ஒத்துக்கொள்கிற காண்ட்ராக்டரைப் பாருங்கள்" என்றேன். தீர்மானம் நிறைவேறியது. அதன் நகலை வைத்துக்கொண்டுதான் பெண்கள் வேறு வக்கீல் மூலம் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

கறுப்புக் கோட்டோடு அரசியலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வார்டில் தோற்றவர் மறுநாளும் அதே தெருவில்தான் இருப்பார், நமக்கும் அவர்தான் மீன் தர வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போனேன். அண்ணாச்சி கடை வாசல் காய்ந்து கிடந்தது. ரோஸ்லின் அக்கா சிலாப் மேல் தன் இடத்தில் உட்கார்ந்து யாரிடமோ விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேஸ் ஜெயித்து ஒருநாளும் எனக்கு அப்படி ஆனதில்லை.